எடை மெஷினா, டயட் சார்ட்டா, அத்தையின் அகப்பையா?

போன வாரம், மாசமாக இருக்கிற தங்கச்சி அம்பாசமுத்திரத்திலிருந்து போன் போட்டாள். "எக்கா, அஞ்சு மாசந்தான் ஆவுது, அதுக்குள்ள ஆறு கிலோ ஏறிட்டு. எடை மெஷின் ஒண்ணு ஆர்டர் போடட்டுமா, இல்ல யார்ட்டயாச்சும் டயட் சார்ட் வாங்கட்டுமா? இங்க அத்த வேற சோத்த அள்ளி அள்ளி வைக்காவ. வேண்டாம்னு சொன்னா மொகம் வாடிப் போவுது."

கேட்டது மெஷினையும் சார்ட்டையும் பற்றித்தான். அத்தை சமாச்சாரம் சும்மா ஒரு புலம்பல். எனக்கென்னவோ அந்தப் புலம்பலில்தான் விஷயம் இருக்கிறதென்று பட்டது. நான் இரண்டு பிள்ளை பெற்றவள். முதல் தடவை 62 கிலோவில் ஆரம்பித்து 81-இல் போய் நின்றேன். இரண்டாவது தடவை 70-இல் ஆரம்பித்து 80-இல் முடித்தேன். இடையில் எனக்கு மன உறுதி ஒன்றும் புதிதாக முளைக்கவில்லை. அதே நாக்கு, அதே சோம்பல். போன வழிதான் வேறு. அதனால் அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுத உட்கார்ந்தது நீண்டு இப்படி ஆகிவிட்டது.

எத்தனை கிலோ ஏறலாம் என்பதிலேயே அவளுக்குக் குழப்பம். ஊர் நர்ஸ் 9 முதல் 11 கிலோ என்கிறார். நம் அரசாங்க வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. இணையத்தில் பார்த்தால் 11.5 முதல் 16 என்று இருக்கிறது. அது அமெரிக்காவில் 2009-இல் வெளியிட்ட கணக்கு. தங்கச்சியின் உயரம் 158 செ.மீ., மாசமாவதற்கு முன் எடை 61. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கு 24.4 வருகிறது. அமெரிக்கக் கணக்கில் அது சரியான எடை. நம் ஊர் டாக்டர்கள் 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்பார்கள், நம் உடம்புவாகுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே சுகர் எட்டிப் பார்த்துவிடும் என்பதால். அதே அமெரிக்கக் கணக்கில், 25-க்கு மேலே இருப்பவர்களுக்கு 7 முதல் 11.5 கிலோதான், 30-க்கு மேலே என்றால் 5 முதல் 9. மெலிந்தவர்கள், அதாவது 18.5-க்குக் கீழே இருப்பவர்கள், 12.5 முதல் 18 வரை ஏறியாக வேண்டும். "நீ 11, 12 என்று மனசில் வைத்துக்கொள், அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்" என்றேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எடையை இறக்குகிற பேச்சே கூடாது. ஏறுகிற வேகத்தைத்தான் பார்க்க வேண்டும். மசக்கையில் முதல் மூன்று மாசம் ஒன்றிரண்டு கிலோ இறங்குவது வேறு கதை.

சரி, மெஷினுக்கு வருவோம்.

என் முதல் பிரசவத்துக்குப் பார்த்த இடத்தில் எடை பார்ப்பது வராந்தாவில். ஏறி நின்றதும், தள்ளி உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கேட்க வேண்டுமே என்று, பார்க்கிறவர் சத்தமாகச் சொல்வார்: "எழுவத்தெட்டு!" பெஞ்சில் இருக்கிற அத்தனை தலையும் திரும்பும். அந்த மாசத்தோடு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. செக்கப் அன்றைக்குக் காலையில் வெறும் காப்பி. வரிசை நகர நகர வளையலைக் கழற்றிப் பைக்குள் போடுவேன். செருப்பு, துப்பட்டா, தலையில் இருக்கிற பூ முதற்கொண்டு கூட வந்தவர் கையில். அத்தனையும் சேர்ந்தால் அரைக் கிலோ வருமா என்ன? எடை பார்த்து முடித்ததும் பசியும் எரிச்சலுமாக ஜங்ஷனில் இறங்கி, வாழையிலைத் துண்டில் சுடச்சுட அல்வா. நெய் மணிக்கட்டு வரை வழியும். அதைத் துடைத்துக்கொண்டே, வீட்டுக்கு என்று சொல்லி இன்னொரு கால் கிலோ. மாசத்தில் ஒரு நாள் பட்டினி, அதற்கு ஈடாக நான்கு நாள் தீனி.

வீட்டில் மெஷின் வைத்துக்கொண்டால் அந்த வராந்தா அவமானம் இல்லை. அது நிஜமான லாபம். வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, காலையில் கழிவறை போய் வந்து எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால் பார்த்தால் போதும். தினமும் ஏறி நின்றால் முந்தின ராத்திரி தின்ற ஊறுகாய் உப்புக்கு உடம்பில் தேங்கிய நீரைக்கூடக் கொழுப்பு என்று நினைத்துக் கலங்குவாய். இன்னொரு உபயோகமும் உண்டு. ஐந்து மாசத்துக்கு மேலே ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் திடீரென்று ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலி, கண் மங்கல் என்று வந்தால் அது சாப்பாட்டு எடை இல்லை. பி.பி. கூடியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆனால் மெஷின் எடையைக் காட்டும், குறைக்காது. இங்கிலாந்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். செக்கப்புக்கு வருகிற கர்ப்பிணிகளை ஒவ்வொரு தடவையும் எடை பார்த்து, வரம்பைச் சொல்லி, வீட்டிலும் வாராவாரம் பார்க்கச் சொன்னார்கள். அளவுக்கு மீறி ஏறியவர்கள் எண்ணிக்கை அதனால் மட்டும் குறைந்துவிடவில்லை. தங்கச்சிக்கு நான் சொன்ன சோதனை இது: மெஷினை விட்டு இறங்கியதும் அடுத்து என்ன செய்கிறாய்? நோட்டில் எழுதிவிட்டு இட்லி சாப்பிடப் போகிறவள் என்றால் வாங்கு. காலைச் சாப்பாட்டைத் தள்ளுகிறவள் என்றாலோ, மனசு விட்டுப்போய்ச் சேவு டப்பாவைத் திறக்கிறவள் என்றாலோ அந்த 1,000 ரூபாயில் மாம்பழம் வாங்கித் தின்னலாம். நான் இரண்டாவது ஜாதி. ஆகவே எனக்கு மெஷின் ஆகாது.

டயட் சார்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கொடுத்தது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஓட்ஸ், புரோக்கோலி, க்ரீன் டீ என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் புரோக்கோலியை யார் கண்டது! மூன்றாம் நாள் கல்யாண வீட்டில் சொதிச் சாப்பாடு. இஞ்சித் துவையலோடு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதோடு சார்ட் தோற்றது. தோற்றது கூடப் பெரிதில்லை. "எப்படியும் இன்னைக்குக் கெட்டுப்போச்சு" என்று ராத்திரி புரோட்டா சால்னாவும் உள்ளே போனதே, அதுதான் பெரிது.

இந்த "எப்படியும் கெட்டுப்போச்சு" மனசுக்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் கல்லூரிப் பெண்களுக்கு முதலில் மில்க்‌ஷேக்கும் பிறகு ஐஸ்கிரீமும் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிற பெண்கள், மில்க்‌ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுகிறவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகுதான் கூடுதலாகத் தின்றார்கள். கட்டு ஒரு தடவை அறுந்ததும் முழுக்க அவிழ்த்துவிட்டார்கள். சார்ட் எவ்வளவு கறாரோ அவ்வளவு சீக்கிரம் அறும் என்பது என் அனுபவம்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் சார்ட் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, அதில் 140-ஐத் தொட்டுவிட்டால் அது கர்ப்பகாலச் சுகர். அப்போது உணவியல் நிபுணரிடம் உட்கார்ந்து, உன் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று சொல்லி, அதற்கேற்ற சார்ட்டாக எழுதி வாங்கித்தான் ஆக வேண்டும். "கருப்பட்டிதான, ஒண்ணும் செய்யாது" என்று யாராவது சொன்னால் நம்பாதே. கருப்பட்டியும் சுகரை ஏற்றும்.

எனக்கு நிஜமாகவே உதவியது நோட்டு. இரண்டாவது தடவை, ஆறாம் மாச ஆரம்பத்தில், ஒரு பழைய டைரியில் நான்கு நாள் எழுதினேன். என்ன சாப்பிட்டேன் என்பதோடு எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார், அப்போது மனசு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து. கலோரி கணக்கெல்லாம் இல்லை. நான் சோற்றைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன். நான்காம் நாள் எடுத்துப் படித்தால் சோறு ஒழுங்காகத்தான் இருந்தது. குற்றவாளி மத்தியானம் மூன்றரை மணி. நான்கு நாளும் அதே நேரம்: அவர் வேலைக்குப் போயிருப்பார், பெரியவன் பள்ளிக்கூடத்தில், அத்தை கண் அசந்திருப்பார். வீட்டில் மின்விசிறி சத்தம் மட்டும். அப்போது நேந்திரம் சிப்ஸ், மிக்சர், முந்திரிக்கொத்து, எது டப்பாவில் இருக்கிறதோ அது. மனசு என்ற இடத்தில் நான்கு நாளும் ஒரே வார்த்தை எழுதியிருந்தேன்: "சும்மா".

பசி இல்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த சலிப்பு, ராத்திரி தூக்கமில்லாத களைப்பு, பிரசவ பயம், எல்லாம் சேர்ந்து அந்த "சும்மா". இதற்குச் சார்ட்டில் மருந்து கிடையாது. மூன்றரைக்குச் சின்னம்மைக்குப் போன் பண்ணுவது, ஒரு வட்டில் சுண்டலோ வேகவைத்த பனங்கிழங்கோ எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவது என்று முன்கூட்டியே முடிவு பண்ணி வைத்தேன். "இந்த நேரம் வந்தால் இதைச் செய்வேன்" என்று மணியோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்தால், வெறும் "குறைக்கணும்" என்ற எண்ணத்தைவிட அது நிற்கிறது. மனநல ஆய்வாளர்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த "சும்மா" இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டு, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை அழுகையாக வந்தால் அது எடைக் கணக்கில் தீர்வதில்லை. கர்ப்பத்திலும் மனச்சோர்வு வரும். டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், செலவில்லை.

நோட்டிலும் குறை உண்டு. நான்கு நாளைக்கு மேல் எழுதினால் போர்; பத்து நாள் எழுதினால் பொய் எழுதுவோம். வீட்டில் யாராவது எடுத்துப் படிப்பார்களே என்ற பயம் இருந்தால் முதல் நாளே பொய்தான். எழுத வராதவர்கள், நேரமில்லாதவர்கள் போனில் தட்டை ஒரு போட்டோ எடுத்து வைத்தாலும் போதும்.

நடையைப் பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரைக்கும் வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவு வேகம் போதும். நடையால் எடை அப்படியொன்றும் நின்றுவிடாது. ஆனால் சுகருக்கும் தூக்கத்துக்கும் மனசுக்கும் நல்லது. எங்கள் பக்கம் தடங்கல் வேறே: வெயில், தெருநாய், அந்தி நேரத்தில் வாயும் வயிறுமாக இருக்கிறவள் வெளியே போகலாமா என்ற பேச்சு. பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானம் இருக்கிறது, நான்கு பேர் நடப்பார்கள். கிராமத்தில் குளத்தங்கரையில் தனியாக நடந்தால் "என்னா விசேசம், வீட்ல சண்டையா" என்பார்கள். நான் கண்ட வழி கோயில். நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு, சங்கிலி மண்டபம் வழியாகக் காந்திமதி அம்மன் சன்னிதிக்குப் போய்த் திரும்பினால் நல்ல நடை. நிழலும் உண்டு. ஆடிப்பூரத்தில் அம்மனுக்கே வளைகாப்பு நடத்துகிற ஊரில், மாசமான பிள்ளை கோயிலுக்குப் போகிறாள் என்றால் எந்த அத்தை தடுப்பார்? கூடவே வருவார். துணையோடு போகிற நடைதான் நாலு நாளில் நின்றுபோகாமல் ஓடும்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் சொளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் பீடி சுற்றுகிற பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். கால் மரத்துப்போகிற அளவுக்கு உட்கார்ந்தே இருப்பார்கள். மணிக்கு ஒரு தடவை எழுந்து முற்றத்தில் நான்கு சுற்று நடந்தாலே வித்தியாசம் தெரியும். புகையிலைத் தூசி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது அடுத்த பேச்சு. அந்த மாசங்களிலாவது சொளவை வேறு யாரிடமாவது கொடுக்க முடிந்தால் நல்லது.

இப்போது அத்தையின் அகப்பை.

மெஷின், சார்ட், நோட்டு, நடை எல்லாமே அந்தப் பெண் தனி ஆள், தன் தட்டைத் தானே போட்டுக்கொள்கிறவள் என்று நினைத்துச் செய்தவை. நம் வீட்டில் தட்டு நம் கையில் இல்லை. சோற்றை வைப்பவர் ஒருவர், "இன்னும் கொஞ்சம்" என்பவர் ஒருவர், ராத்திரி பத்து மணிக்கு ஆசையாகப் புரோட்டா பார்சலோடு வருகிறவர் ஒருவர். அவர்களுக்கு அன்பைக் காட்ட வேறு வழி தெரியாது. முதல் தடவை நான் "வேண்டாம் அத்தை" என்று கையை வட்டில் மேல் குறுக்கே வைப்பேன். "ஏ பிள்ள, ரெண்டு உசுருக்குத் திங்கணும்லா" என்று விரலிடுக்கு வழியாகவே ஒரு கரண்டி விழும். பிறகு மிச்சம் வைக்கப் பயந்து தின்பேன். அவர் இல்லாத நேரம் பார்த்துப் பட்டினி கிடப்பேன். அப்புறம் மூன்றரை மணி டப்பா.

இரண்டாவது தடவை கணக்கை அவரிடமே கொண்டுபோனேன். "அத்தை, ஏறுற பதினோரு கிலோவில பிள்ள எவ்வளவு இருக்கும்னு நெனைக்கிய?" எட்டு இருக்கும் என்றார். மூன்று, மூன்றேகால்தான் என்றதும் நம்பவில்லை. நச்சுக்கொடி முக்கால் கிலோவுக்குள், பனிக்குடத் தண்ணீர் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, கர்ப்பப்பை ஒரு கிலோ, கூடுகிற ரத்தம் ஒன்றே கால், ஒன்றரை, மீதி நீரும் மார்பும், பால் கொடுக்கும் காலத்துக்கு உடம்பு சேர்த்து வைக்கிற கொழுப்பும் என்று விரல் விட்டு எண்ணினேன். மாசமான பெண்ணுக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாக வேண்டியது 350 கலோரிதான் என்று இந்திய உணவு ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் சொன்னதை நம் பாஷையில் மாற்றினால் இரண்டு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். இரண்டாவது உசுருக்கு அவ்வளவுதான் பசி. நூறு கிராம் அல்வாவே கிட்டத்தட்ட அதற்கு வந்துவிடும்.

கணக்கு பாதிதான் வேலை செய்தது. மீதியைச் செய்தது அடுத்து சொன்ன வார்த்தை: "எனக்கும் ஒங்கள மாதிரி சுகர் வந்திரக்கூடாது, நீங்கதான் பாத்துக்கிடணும்." அவர் பதினைந்து வருஷமாக மாத்திரை போடுகிறவர். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மறுநாள் சோறு ஒரு கரண்டி குறைந்து, பக்கத்தில் முருங்கைக்கீரையும் சாளை மீனும் குவிந்திருந்தது. "வேண்டாம்" என்று கை மறிப்பதற்குப் பதிலாக "அவியல் இன்னும் வைங்க" என்று கேட்டால் வைக்கிறவர் கை வெறுமனே திரும்பாது. உளுந்தங்களியை விடச் சொல்லி நான் சண்டை போடவில்லை. வாரத்தில் ஒரு நாள், காலை இட்லிக்குப் பதிலாக, எண்ணெயைக் குறைத்து என்று ஒப்பந்தம். வீட்டுக்காரர் கொண்டுவரும் புரோட்டா பார்சல் சனிக்கிழமை மட்டும்.

இந்த வழிக்கும் விலை உண்டு. அகப்பையை ஒப்படைத்துவிட்டால் மேற்பார்வையும் கூடவே வரும். "அது என்ன கையில?" என்ற கேள்வி நாளுக்குப் பத்து தடவை. அத்தையோடு பேச்சே சரியில்லாத வீட்டில், அல்லது உடம்பைக் கிண்டல் பண்ணுகிற வீட்டில் இது நடக்காது. அங்கே கணவனை வைத்துப் பேசுவதோ நர்ஸை வைத்துப் பேசுவதோதான் வழி. நர்ஸ் வீட்டுக்கு வரும்போது அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் பெரிய அதிசயத்தை எதிர்பார்க்காதே என்றும் எழுதினேன். பல நாடுகளில் நடந்த 36 ஆய்வுகளை, 12,526 கர்ப்பிணிகளின் கணக்கை, 2017-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, சாப்பாடும் நடையும் சேர்ந்து குறைத்தது சராசரியாக 700 கிராம்தான். சிசேரியன் கொஞ்சம் குறைந்தது. எனக்கு 19-லிருந்து 10 ஆனதில் என் வழியின் பங்கு எவ்வளவு, அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். முதல் தடவை ஏறியதில் எட்டு கிலோ பிரசவத்துக்குப் பிறகும் இறங்காமல் என்னோடேயே தங்கியது மட்டும் நிச்சயம்.

ஆக அவளுக்கு நான் சொன்னது: மெஷின் வேண்டாம், மாசச் செக்கப் எடை போதும், அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டே போ. நான்கு நாள் நோட்டு எழுது. சார்ட், சுகர் டெஸ்ட் முடிவு வந்த பிறகு தேவைப்பட்டால். அத்தையோடு இந்த வாரமே பேசு. அவள் ஒல்லியாகவோ இரட்டைப் பிள்ளையோடோ இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இரவு வேலைக்குப் போகிறவளாக இருந்திருந்தால் நோட்டை மட்டும் சொல்லியிருப்பேன்.

நேற்று மறுபடி பேசினாள். "எக்கா, அத்தட்ட கணக்க சொன்னேன். மூணு கிலோதானான்னு ரெண்டு தடவ கேட்டாவ. இன்னைக்குப் பெரிய அகப்பைய எடுத்து மேல பரண்ல போட்டுட்டாவ." சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்தே கேட்டாள், "சீமந்தம் முடிச்சு அங்க வந்த பெறவு என்ன செய்ய?"

அதுதான் எனக்கும் யோசனை. ஏழாம் மாசம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவோம். கடைசி மூன்று மாசம், பசியும் எடையும் கூடுகிற மூன்று மாசம், எங்கள் அம்மா கையில். உடன்குடியிலிருந்து கருப்பட்டி இப்போதே ஒரு ஓலைப்பெட்டி வந்து இறங்கியாயிற்று. அம்மா எள்ளு ஆட்டச் சொல்லியிருக்கிறாள். அவளிடம் யார் போய்ப் பேசுவது என்பதில் நானும் தங்கச்சியும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.